டேபிள் மேடம்

ஜனவரி 3, புதன்

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் நாளே முதல்வர் குழந்தைவேலு கூப்பிட்டனுப்பினார். பத்து ஆண்டுகளாக வணிகவியல் துறையில் ஒப்பந்த ஆசிரியராக இருக்கிறேன். அவர் என்னை "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார். இன்று "வாங்க மேடம், உக்காருங்க" என்றார். நாற்காலியில் ஏதாவது கொட்டிக் கிடக்கிறதோ என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

தரமதிப்பீட்டுக் குழு பிப்ரவரி கடைசியில் வருகிறதாம். அதற்குள் ஐந்தாண்டு அறிக்கை தயாராக வேண்டும். அறிக்கை என்றால் எழுத்து கொஞ்சம்தான், மீதி எல்லாம் அட்டவணை. யார் படித்தார்கள், யார் தேறினார்கள், எங்கே மரம் நட்டோம், நட்ட மரத்தில் எது பிழைத்தது, எல்லாவற்றுக்கும் அட்டவணை.

"உங்க தீசிஸ்ல டேபிள் எல்லாம் கோடு புடிச்ச மாதிரி இருக்குதுன்னு சொன்னாங்க மேடம். இதையும் நீங்களே பாத்துக் குடுத்துருங்க."

எங்கள் துறையில் கண்ணப்பன் சார் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அவருடைய நிரந்தரப் பணியிடம் காலியாகிறது. துணிந்து அதைக் கேட்டேன். முதல்வர் சொன்னால் தாளாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார், ஊருக்கே தெரியும்.

"செய்யுங்க, பாக்கலாம்" என்றார்.

இந்தக் கல்லூரியில் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வீடு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

ஜனவரி 5, வெள்ளி

நூலகத்துக்குப் பக்கத்தில் ஏ.சி. போட்ட சின்ன அறை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். துறைத் தலைவர்கள் ஒவ்வொருவராகப் பென் டிரைவோடு வந்து போனார்கள். திறந்து பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

இயற்பியல் தலைவர் அடுத்த பக்கத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே எல்லாம் சரிந்து விழுகிறது. தாவரவியலில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வண்ணம், கோயில் விசேஷத்துக்குப் பந்தல் போட்டது போல. தமிழ்த் துறைக்காரர் கோடே போடாமல் ஸ்பேஸ் பாரை வைத்துத் தள்ளித் தள்ளி அட்டவணை போல ஒன்று செய்திருக்கிறார். வரலாற்றுத் துறை எங்கே பார்த்தாலும் இரண்டு மூன்று பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, நடுவில் ஆண்டை எழுதி வைத்திருக்கிறது. விலங்கியல் தலைவர் அட்டவணையைச் செல்போனில் படம் பிடித்து ஒட்டியிருந்தார். படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டை விரலும் இருந்தது.

எங்கள் துறைதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. ஒரே வரிசை, நான்கு பெட்டிகள். முதல் பெட்டிக்குள் என்டர் தட்டித் தட்டி எல்லா எண்களும், இரண்டாவதில் எல்லாப் பெயர்களும். ஒரு பெயர் இரண்டு வரியானதால் அதற்குக் கீழே இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அடுத்தவர் மதிப்பெண்ணை வாங்கியிருந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் நிரந்தரப் பணியாளர்கள்.

ஜனவரி 8, திங்கள்

முடிந்துவிட்டது. எல்லாம் முடிந்துவிட்டது!

சனி, ஞாயிறு முழுக்க வீட்டில் குப்பையை அள்ளினேன். ஸ்பேஸ்களை எடுத்தேன், ஒரே பெட்டிக்குள் அடைந்து கிடந்த பெயர்களைத் தனித்தனி வரிசைக்குக் கொண்டுவந்தேன், விலங்கியல் படத்தைப் பார்த்துப் பார்த்து அட்டவணையாகத் தட்டினேன், வரலாற்றுத் துறையின் சேர்த்த பெட்டிகளைப் பிரித்தேன். இன்று காலை அந்த அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு அட்டவணையைப் பொறுமையாக அழகு செய்தேன். தலைப்பு வரிசைக்குச் சாம்பல் நிறம், எண்கள் வலப்பக்கம், பெயர்கள் இடப்பக்கம், அடுத்த பக்கம் போனால் தலைப்பு தானே மறுபடி வரும், எந்த வரிசையும் பாதியில் உடைந்து இரண்டு பக்கத்தில் தொங்காது. அந்த அமைப்பை வேர்டில் ஒரு 'டேபிள் ஸ்டைல்' ஆகச் சேமித்து, ஒரு மேக்ரோ எழுதினேன். மேக்ரோ என்றால் நாம் செய்ததை வேர்ட் நினைவில் வைத்துக்கொண்டு மற்ற அட்டவணைகளுக்கும் தானே செய்து முடிப்பது. மேலே ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினேன்.

பக்கம் பக்கமாக ஓடியது. கோணலாக நின்றவை எல்லாம் நிமிர்ந்து நின்றன. பதினொரு மணி டீ வருவதற்குள் ஐந்தாண்டும் வரிசையில் நின்றுவிட்டது. நான் கைதட்டிவிட்டேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் விசைத்தறிப் பட்டறையில் மேஸ்திரி. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"யார்கிட்டயாவது சொன்னயா?"

"இல்லீங்க. நாளைக்குக் குடுக்கலாம்னு..."

"கெரகம்! குடுத்துப்போடாத வாணி. தறில ஒருத்தன் ஒரு நாளைக்கு வேகமா ஓட்டுனான்னு வையி, அடுத்த நாள்ல இருந்து அதுதான் கணக்கு. அவனுக்கு ஒண்ணும் கூடக் கிடைக்காது. ஒரு மாசத்துக்கு வெச்சு வெச்சுக் குடு. கஷ்டமான வேலைன்னு அவங்க நெனைக்கோணும்."

எனக்குப் பிடிக்கவில்லை. நான் என்ன, ஏமாற்றுக்காரியா? ஆனால் இவர் சொன்னதில் தப்பும் தெரியவில்லை.

ஜனவரி 11, வியாழன்

இயற்பியல் மட்டும் கொடுத்தேன். முதல்வர் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தார். "கண்ணு வலிக்கும் மேடம், பாத்துச் செய்யுங்க" என்றார். வலிக்கிறது என்று சொன்னேன். என் வகுப்புகளில் பாதியைக் குறைத்துவிட்டார். பதினொரு மணிக்கு அவர் அறைக்குப் போகும் காபியில் ஒரு தம்ளர் இனி எனக்கும் வரும்.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்தது. விலங்கியல் தலைவர் கரும்பு கொண்டுவந்து கொடுத்தார், அவர் துறையை முதலில் முடிக்க வேண்டுமாம். அதை முடித்துப் பத்து நாள் ஆகிறது. "பாக்கலாம் சார்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது வாய் இனிக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஸ்டாஃப் ரூமில் எனக்கு 'டேபிள் மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோகிலவாணி என்று அப்பா வைத்த பெயரைப் பத்து வருடத்தில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. இதுவாவது சொல்லட்டும்.

அறையில் உட்கார்ந்து என்ன செய்கிறேன்? விடைத்தாள் திருத்துகிறேன். வெங்காயம் வாங்க வேண்டும், கேஸ் புக் செய்ய வேண்டும் என்று யோசிக்கிறேன். அவ்வப்போது அறிக்கையைத் திறந்து மேலும் கீழும் ஓட்டிப் பார்க்கிறேன். அவ்வளவு அழகு. அதை ஒருவரிடமும் காட்ட முடியாது.

ஜனவரி 23, செவ்வாய்

வேதியியல் கொடுத்தேன். அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு அட்டவணையையே நினைத்துக்கொண்டிருந்ததில் சாம்பார் அடிபிடித்துவிட்டது.

ஜனவரி 30, செவ்வாய்

முதல்வருக்கு நாள் நெருங்குகிறது என்ற பயம் வந்துவிட்டது. எனக்குத் துணையாகச் சுகந்தியை அனுப்பியிருக்கிறார். எங்கள் துறைதான். எனக்குப் பின்னால் சேர்ந்தவள், அவளும் ஒப்பந்தம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரையைத் திருப்பி வைத்திருந்தேன். ஆனால் முடித்த பக்கங்களை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். அவள் எடுத்துப் பார்த்தாள்.

"எப்படிக்கா இவ்வளவு நேரா வருது? புள்ளி கூட ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நிக்குதே! நான் டேபிள் போட்டா எங்கொழந்த கோலம் போட்ட மாதிரி இருக்கும். உங்க கைக்கு என்னமோ இருக்குதுக்கா."

குழந்தைக்குக் காய்ச்சல், பாவம், சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. திரையை அவள் பக்கம் திருப்பி, பழைய கோணல் பக்கம் ஒன்றைத் திறந்து, "இப்பப் பாரு" என்று பொத்தானை அழுத்தினேன். அவள் "அய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருமுறை கேட்டாள், இன்னொருமுறை செய்து காட்டினேன். அப்புறம் கேட்காமலே ஒருமுறை.

யாரிடமும் சொல்லாதே என்றேன். சத்தியமா சொல்ல மாட்டேன் என்றாள்.

பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கிய அட்டவணை வந்தால் மட்டும் மேக்ரோ முரண்டு பிடித்து அங்கேயே நின்றுவிடும். முதலில் அவற்றைப் பிரித்தாக வேண்டும். அதைச் சொல்லவில்லை. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இவரிடம் இன்று நடந்ததைச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம்.

பிப்ரவரி 5, திங்கள்

என்ன எழுதுவது.

முதல்வர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். நான் வகுப்பில் இருந்தேன், திரும்பி வரும்போது அவர் சுகந்தியின் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் குப்பை அள்ளிப் பெட்டி பிரித்து வைத்த கோப்பில் மீதி எல்லாத் துறையும் முடிந்து திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஒரு பட்டன்தானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார், அவ்வளவுதான். அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க."

குழந்தைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லையாம். சீக்கிரம் போக அனுமதி கேட்கப் போனவளிடம் வேலை முடிந்ததா என்று அவர் கேட்டிருக்கிறார். முடிந்தது என்றிருக்கிறாள். எப்படி என்றிருக்கிறார். அவள் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பற்றிக்கொண்டு வருகிறது.

முதல்வர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஒரு மாசமா இங்க என்னம்மா பண்ணீட்டு இருந்தீங்க?" என்றார்.

அம்மா ஆகிவிட்டேன்.

மேக்ரோவை எழுதியது நான்தான் சார் என்று சொன்னேன். குப்பையை அள்ளியது, ஸ்டைல் செய்தது, எல்லாம் சொன்னேன். அவர் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் செய்தாலும் அது பொத்தான்தானே. நான் ஒரு மாதம் முக்கி முனகி எல்லா அட்டவணைக்கும் கையால் கோடு போட்டிருந்தால் கும்பிட்டிருப்பார்.

பிப்ரவரி 7, புதன்

பழைய டைம்டேபிள் திரும்பிவிட்டது. காபி சுகந்திக்குப் போகிறது. எனக்கு ஏற்கெனவே காபி ஒத்துக்கொள்வதில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

கண்ணப்பன் சார் மரத்தடிக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"எம்பட எடத்துக்குச் சுகந்தி பேரத்தான் எழுதியிருக்காரும்மா. வேகமா வேலை பாக்குறவங்க வேணுமாமா. நீங்க நல்லாத்தான் பாப்பீங்க, ஆனா இழுத்தடிப்பீங்கன்னு சொல்றாரு."

இழுத்தடிப்பேனாம். நான்! பத்து வருடம் ஒரு வகுப்புக்குத் தாமதமாகப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பணியா, கூப்பிடு கோகிலவாணியை. விளையாட்டு விழாவில் வெயிலில் நின்று பெயர் எழுதணுமா, கூப்பிடு. அந்த அறிக்கையின் ஒவ்வொரு கோடும் நான் போட்டது. அதை வைத்துக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டார்கள்.

இவரிடம் சொன்னேன். "நாஞ் சொன்னேன்ல" என்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. போய்த் தயிர் வாங்கிக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 12, திங்கள்

வரலாற்றுத் துறைக்காரர் விடுபட்டவை என்று புதிதாகக் கொஞ்சம் அட்டவணைகள் கொடுத்திருக்கிறார். அவர் கையில் இருந்த அச்சுப் பிரதியைப் படிக்கட்டில் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் சேர்த்த பெட்டிகள். சுகந்தியிடம் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

மத்தியானம் சுகந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எம்மேல கோவமாக்கா? நான் உங்க பேரத்தான் சொன்னேன். சத்தியமா."

"எனக்கென்ன கோவம்? கொழந்தைக்கு எப்படி இருக்குது?" என்றேன்.

"தேவலைக்கா. எல்லாத்தயும் சேர்த்துக் கடைசியா ஒருக்கா பட்டன அமுத்திக்கலாம்னு இருக்கறேன். வேற ஏதாவது பாக்கணுமாக்கா?"

யோசித்துப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

அறிக்கை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைவலி வரும்போல இருக்கிறது.

பிப்ரவரி 19, திங்கள்

காலையில் எழுந்து தலைக்குக் குளித்தேன். வீட்டில் இருக்கும்போது நைட்டிதான். இன்று என்னவோ அரக்குச் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டேன். இவர் பட்டறைக்குப் புறப்படும்போது, ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகச் சொன்னேன்.

"எங்க போற?"

"எங்கயும் இல்லீங்க. சும்மா இருக்கட்டும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "போன் பண்ணுனாங்கன்னா போகாத வாணி. போனா எச்சி எலை எடுக்கறதுக்குத்தான்" என்றார். யார் போன் செய்யப் போகிறார்கள் என்றேன். போனில் சார்ஜ் நிறைய இருந்தது.

பத்தே காலுக்கு மணி அடித்தது. இரண்டு முறை அடிக்க விட்டு எடுத்தேன். முதல்வரே பேசினார்.

"மேடம், கொஞ்சம் வர முடியுங்களா? அச்சாபீஸ் ஆளு வந்து உக்காந்துட்டு இருக்காரு. இங்க பட்டன் நின்னுபோச்சு."

மறுபடியும் மேடம்.

போனேன். சுகந்தி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது. நான் நினைத்ததுதான். முதல் பாதி அழகாக இருக்கிறது. வரலாற்றுத் துறை வந்த இடத்தில் மேக்ரோ நின்று, அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அரைகுறை. பதற்றத்தில் இவள் எதை எதையோ அழுத்தியதில் சில அட்டவணைகள் பக்கத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பாதிக் கல்லூரி தாளுக்கு வெளியே.

ஒரு வாரமாக இதைத்தான் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது எழுதலாம், இனிமேல் என்ன. நான் மெதுவாக உட்கார வேண்டும். பெருமூச்சு விட வேண்டும். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். கஷ்டம் சார் என்று சொல்ல வேண்டும்.

என்னால் அந்தக் கோணல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. கை தானாகப் போய்விட்டது. சேர்த்த பெட்டிகளைப் பிரித்தேன், ஒவ்வொரு வரிசையிலும் ஆண்டைப் போட்டேன், பொத்தானை அழுத்தினேன். ஓடி முடிந்தது. அச்சாபீஸ்காரர் டீயைக் கூடக் குடித்து முடிக்கவில்லை. அதோடு விட்டேனா? "பாரு சுகந்தி, இது மாதிரி சேர்த்து வெச்சிருந்தா மொதல்ல பிரிச்சுரணும், அப்பறந்தான் பட்டன்" என்று சொல்லிக்கொண்டே செய்திருக்கிறேன். அவள் எழுதிக்கொண்டாள்.

முதல்வர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"உண்மையச் சொல்லுங்க மேடம். சுகந்திக்கு இந்த வேலையெல்லாம் வருங்களா, வராதுங்களா? வராதுன்னா இப்பவே சொல்லீருங்க. ஆர்டர் இன்னும் தாளாளர்கிட்டப் போகல. இன்னிக்கு மாதிரி டீம் முன்னாடி நின்னுச்சுன்னா என் மானம் போயிரும். உங்க பேர வேணா மாத்தி எழுதீர்றேன்."

"வரும் சார்" என்றேன். "கொஞ்சம் பழகுனா நல்லாப் பண்ணீருவாங்க."

நான் நல்லவள் என்பதால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் மேல் இரக்கமும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு அப்பனும் அம்மாவும் வந்து நின்று, "எம்புள்ளைக்குப் படிப்பு வருங்களா மேடம்?" என்று கேட்பார்கள். பிள்ளை பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். வரும்ங்க, கொஞ்சம் பழகினா வந்துரும்ங்க. பத்து வருடமாக இதே பதில். வராத பிள்ளைக்கும் இதே பதில்தான். கேள்வி முடிவதற்குள் வாய் அதைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்றே எனக்கு உறைத்தது.

திருத்திச் சொல்லியிருக்கலாம். "இல்லைங்க சார்" என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு அச்சாபீஸ்காரரிடம் போய்விட்டார்.

சாயங்காலம் இவர் வந்து சேலையைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார். நான் சேலையை மாற்றிக்கொண்டு தோசைக்கு மாவு கரைத்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

குழு வந்தது, போனது. அறிக்கையின் அமைப்பை மேடையிலேயே பாராட்டினார்களாம். நான் வாகனம் நிறுத்தும் இடத்தில் மாணவர்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 28, புதன்

சுகந்திக்கு ஆர்டர் வந்துவிட்டது. மைசூர்பாகு கொடுத்தாள். என் காலைத் தொடக் குனிந்தாள், பிடித்து நிறுத்திவிட்டேன். எனக்கு அடுத்த ஆண்டுக்கும் ஒப்பந்தம் நீட்டித்திருக்கிறார்கள்.

மத்தியானம் மாடிப்படியில் முதல்வர் எதிரில் வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"கடைசி நேரத்துல பேர மாத்தீரலாம்னுதான் இருந்தேம்மா. நீங்க வரும்னு சொன்னீங்க பாருங்க, உங்க வார்த்தைய நம்பித்தான் கையெழுத்துக்கு அனுப்புனேன்."

பத்து ஆண்டுகளில் அவர் என் வார்த்தையை நம்பியது அந்த ஒருமுறைதான்.